சுரங்க ரயிலுக்கு முப்பத்திரண்டு சொற்கள்

எனக்கு முப்பத்திரண்டு இங்கிலீஷ் சொற்கள் தெரியும். முப்பத்திரண்டும் நிலத்துக்கு அடியில்தான் செல்லுபடியாகும். மேலே வந்துவிட்டால் ஒன்றுக்கும் உதவாது. கொட்டகலை பஜாரில் நின்றுகொண்டு 'இன்டர்சேஞ்ச்' என்று சொன்னால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? மரக்கறிக் கடைக்காரர் வேண்டுமானால் புது வகை முட்டைக்கோவாவாக்கும் என்று நினைத்து, இன்றைக்கு வரவில்லை என்பார்.

அந்தச் சொற்களை எழுதிய கொப்பி தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் காம்பிரா அறையில், சாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. வெளிநாடு போகப்போகிற பிள்ளைகள் கேட்டு வாங்கிப் போவார்கள். கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பி வருவார்கள். "மாமா, இந்த முப்பத்து மூணாவது சொல்லு என்னா மாமா?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால், பிள்ளைகளே, எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனவன். கொழுந்தை நசுக்கிச் சுருட்டும் ரோலர் மெஷினோடுதான் என் ஆயுசு போனது. எழுத்தில் பிழை இருந்தால் மெஷின் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் தர்ஷி சிங்கப்பூரில் தாதியாக வேலை பார்க்கிறாள். அங்கே அருண் என்று ஒரு பிள்ளையை அவளுக்குப் பிடித்துப்போனது. தமிழ்ப் பிள்ளை, மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூர். அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். அந்த அம்மா ஒரு பெரிய அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வீட்டாரும் ஒருமுறை உட்கார்ந்து பேச வேண்டும் என்று தர்ஷி எனக்கும் என் மனைவி சரசுவுக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பினாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் போனில் தர்ஷி வாய்தவறி ஒன்றைச் சொல்லிவிட்டாள். அருணின் அம்மா அவளிடம் கேட்டாராம்: "உங்க அப்பா அம்மா தனியா எங்க வீட்டுக்கு வந்துருவாங்களா? பாவம், தோட்டத்துல இருந்து வர்றவங்க. நிலத்துக்கு அடியில ஓடுற டிரெயின் எல்லாம் பழக்கமிருக்காது. நானே வந்து கூட்டிட்டு வந்துர்றேன்."

அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். இப்போது எனக்குத் தெரிகிறது. ஆனால் அன்றைக்கு அந்தப் 'பாவம்' என்ற சொல் ரோலருக்குள் விழுந்த கல்லைப்போல எனக்குள் கடகடவென்று சுற்ற ஆரம்பித்துவிட்டது. என் மகள் போய் வாழப்போகிற வீட்டில் நான் பாவமாகப் போய் இறங்குவதா? அப்பன் ஒரு ரயில் ஏறத் தெரியாதவன் என்றால் மகளை எந்தத் தராசில் வைப்பார்கள்?

"நாங்களே வந்துருவோம்னு சொல்லு மகள்," என்றேன். "என்னென்ன சொல்லு தெரியணுமோ எழுதி அனுப்பு. அப்பா பாடமாக்கிருறேன்."

முப்பத்திரண்டு சொற்கள் வாட்ஸ்அப்பில் வந்து இறங்கின. பக்கத்திலேயே தமிழில் உச்சரிப்பு, அதற்குப் பக்கத்தில் பொருள். எஸ்கலேட்டர் என்றால் தானாக ஓடும் படி. எக்சிட் என்றால் வெளியே போகும் வாசல். இன்டர்சேஞ்ச் என்றால் ஒரு ரயிலை விட்டு இன்னொரு ரயிலுக்கு மாறும் இடம். (பேராதனைச் சந்தி மாதிரி அப்பா, ஆனா அது பாதாளத்துல இருக்கும் என்று எழுதியிருந்தாள்.) கடைசியில் நாலைந்து முழு வசனங்களும் இருந்தன.

அப்படியே ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு மூன்று மாதம் படித்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படிப் படித்திருந்தால் இன்றைக்கு ரோலருக்குப் பக்கத்தில் நின்றிருக்க மாட்டேன், ரோலரைச் செய்கிற கம்பெனியில் இருந்திருப்பேன். காலையில் எழுந்ததும் பெரட்டு வைப்பேன். தோட்டத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புவார்களே, அதேபோல ஒவ்வொரு சொல்லாகக் கூப்பிடுவேன். பிளாட்ஃபார்ம்? ஆஜர். எஸ்கலேட்டர்? ஆஜர். இன்டர்சேஞ்ச்? (அவன் மட்டும் அடிக்கடி லேட்டாக வருவான்.) ஆஜர்.

உச்சரிப்புப் பழகுவதற்கு மெஷின் அறை நல்ல இடம். உள்ளே என்ன கத்தினாலும் வெளியே கேட்காது. ஒருநாள் நான் தொண்டை நரம்பு புடைக்க "டோர்ஸ் ஆர் குளோசிங்!" என்று கத்திக்கொண்டிருந்தபோது சரியாகக் கரண்ட் போய் மெஷின் நின்றது. என் குரல் மட்டும் நிற்கவில்லை. எங்கள் டீமேக்கர் ஐயா, தொழிற்சாலை முழுவதற்கும் பொறுப்பானவர், ஓடி வந்து எந்தக் கதவு என்று கேட்டார். நான் பேசாமல் போய் ஒரு ஜன்னலைச் சாத்தினேன்.

லயத்துக்கும் பாதைக்கும் நடுவில் மழைத் தண்ணீர் ஓடுகிற கான் ஒன்று இருக்கிறது. எட்டி வைத்துத்தான் தாண்ட வேண்டும். சரசு மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்து அதைத் தாண்டும்போதெல்லாம் நான் வாசலில் நின்று "மைண்ட் த கேப்" என்பேன். ரயிலுக்கும் மேடைக்கும் இடையில் உள்ள இடைவெளியைக் கவனி என்று பொருள். ஒரு வாரத்தில் லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் அந்தக் கானைத் தாண்டும்போது அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்தக் கானுக்குப் பெயர் மைண்ட் த கேப்தான். போன மழைக்கு அது அடைத்துக்கொண்டபோது, "மைண்ட் த கேப்ல மண்ணு ரொம்பிருச்சு" என்றுதான் வந்து சொன்னார்கள்.

ரயில் வாசலில் அட்டையைத் தொட்டால்தான் கதவு திறக்கும் என்று தர்ஷி எழுதியிருந்தாள். ஆட்டுப்பட்டிக் கதவில் என் அடையாள அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பழகினேன். ஆடுகள் அமைதியாகப் பார்த்தன. சரசு அப்படிப் பார்க்கவில்லை.

"நீயும் நாலு சொல்லு படியேன்," என்றேன்.

"நீங்க முப்பத்திரண்டு வச்சிருக்கீங்கதானே," என்றாள். "ரெண்டு பேருக்கும் பத்தும்."

ஒரு சொல்கூடப் படிக்காமல்தான் பிளேன் ஏறினாள்.

அந்த நாள் வந்தது. தர்ஷிக்குக் காலையில் அரைநாள் டியூட்டி. முடித்துவிட்டு நேரே அருண் வீட்டுக்கு வருவதாகவும், நாங்கள் பதினொன்றரைக்கு அங்கே இருக்க வேண்டும் என்றும் ஏற்பாடு. அருணின் அம்மா தங்கள் வீட்டுப் பக்கத்து ஸ்டேஷன் வாசலில் காத்திருப்பார். நான் வெள்ளைச் சட்டையைச் சுருக்கமில்லாமல் போட்டுக்கொண்டேன். கையில் எங்கள் தொழிற்சாலைத் தேயிலை இரண்டு பாக்கெட். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தர்ஷி அருண் அம்மாவின் போன் நம்பரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சரசுவின் பர்சில் வைத்தாள். என்னிடம் தரவில்லை. நான் அதை எங்காவது தொலைத்துவிடுவேன், வேண்டுமென்றே, என்று அவளுக்குத் தெரியும்.

ஸ்டேஷனில் அட்டையைத் தொட்டேன். கதவு திறந்தது. ஆட்டுப்பட்டிக் கதவைவிட லேசாகத் திறந்தது. அடுத்தது எஸ்கலேட்டர். அதன் அடியில் நின்று, "இடது பக்கம் நிக்கணும், கைப்பிடியப் பிடிக்கணும்" என்று இங்கிலீஷிலும் தமிழிலும் சரசுவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அவள் மேலே போய் நின்று எனக்காகக் காத்திருக்கிறாள். கூடையை முதுகில் போட்டுக்கொண்டு செங்குத்து மலையில் இருபத்தெட்டு வருடம் நின்ற கால் அது. மலை அசையாமல் நின்றாலும் ஒன்றுதான், ஓடினாலும் ஒன்றுதான். நான்தான் கைப்பிடியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, பலாமரம் ஏறுகிறவனைப்போல மேலே போய்ச் சேர்ந்தேன்.

அந்த ஸ்டேஷன் பாலத்துக்கு மேலே, வெளிச்சத்தில் இருந்தது. மேடையில் நிற்கும்போது ஒலிபெருக்கியில் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்கள். எனக்குப் பாதி புரிந்தது. பெருமையாக இருந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னும் இரண்டு மொழி, அப்புறம் தமிழிலேயே சொன்னார்கள். சரசு என் முகத்தைப் பார்த்தாள்.

"தமிழ்லயும் சொல்லுறாங்கதானே. பொறகு எதுக்குங்க மூணு மாசம் கத்துனீங்க?"

ரயில் வந்துவிட்டதால் பதில் சொல்லாமல் தப்பினேன்.

ஏறி உட்கார்ந்தோம். எல்லாம் சரியாக நடந்துவிட்டது. அட்டை சரி, மேடை சரி, ரயில் சரி. ஒரே ஒரு இன்டர்சேஞ்ச்தான் பாக்கி. பெட்டிக்குள் யாரும் யாரோடும் பேசவில்லை. எல்லோரும் போனைப் பார்த்தபடி இருந்தார்கள். முன்னால் ஒரு சீனப் பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு தாயின் மடியில் குழந்தை தூங்கியது. ஜன்னலில் வெயில். கால் நீட்டி, முதுகைச் சாய்த்து, மூன்று மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சை லேசாக்கினேன்.

அங்கேதான் மோசம் போனேன்.

இதைப் புரிந்துகொள்ள ஒன்று தெரிய வேண்டும். (நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்.) ஹட்டனை விட்டுக் கோச்சி, அதுதான் எங்கள் ஊர் ரயில், கொட்டகலைக்கு வரும் வழியில் சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறது. கோச்சி அதற்குள் நுழைந்ததும் பெட்டி இருட்டாகும். இருட்டானதும் எல்லோரும் கூ போடுவார்கள். பள்ளிப் பிள்ளைகள், வாசலில் தொங்குகிறவர்கள், சீட்டில் இருக்கிற தாய்மார், எல்லோரும் "கூ..." என்று அடிவயிற்றிலிருந்து போடுவார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை. வெளிச்சம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். நான் நடக்கப் பழகுவதற்கு முன்பே அந்தச் சுரங்கத்தில் கூ போட்டவனாம். அதுவும் ரோலர் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த தொண்டை இது. கொட்டகலை ஸ்டேஷனில் நிற்பவர்களுக்கு நான் வருகிறேன் என்று கோச்சி வருவதற்கு முன்பே தெரிந்துவிடும் என்பார்கள்.

சிங்கப்பூர் ரயில் பாலத்திலிருந்து சரிந்து சரிந்து இறங்கியது. வெயில் ஜன்னலின் மேல் விளிம்புக்குப் போனது. அப்புறம் படாரென்று வெளியே இருட்டு.

நான் கூ போட்டேன்.

நானாகப் போடவில்லை. என் நெஞ்சுக்கூடு போட்டது. கண்ணை வேறு மூடிக்கொண்டேன், அப்போதுதான் நன்றாக வரும். முழுசாக, நீளமாக, ஹட்டன் முனையில் தொடங்கிக் கொட்டகலை முனையில் முடிகிற கூ. முடித்து மூச்சு வாங்கிக் கண்ணைத் திறந்தால், உள்ளே பளிச்சென்று லைட் எரிகிறது. பெட்டி முழுவதும் என்னைப் பார்க்கிறது. சீனப் பெரியவர் பேப்பரை மடியில் இறக்கிவிட்டார். ஒரு பெண் காதிலிருந்து இயர்போனைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறாள். குழந்தை விழித்துவிட்டது. எனக்கு மறுபக்கத்து சீட் காலியாகியிருந்தது. அதில் இருந்தவர் எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டும். அவசரமாகப் பெரட்டு வைத்தேன். ஒரு சொல் வரவில்லை. முப்பத்திரண்டு பேரும் வேலைக்கு வராத நாள் அது. ஒருவேளை வந்திருந்தாலும் பிரயோசனமில்லை. மன்னிப்புக் கேட்கிற சொல் அந்த லிஸ்டிலேயே கிடையாது. நிலத்துக்கு அடியில் அது தேவைப்படும் என்று யார் நினைத்தார்கள்?

அப்போது என் பக்கத்திலிருந்து இன்னொரு "கூ..." வந்தது.

சரசு. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மடியில் தேயிலைப் பையை வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, நிதானமாகப் போட்டாள். என்னுடையதைவிடச் சின்னக் கூ. ஆனால் அதில் ஒரு நடுக்கமும் இல்லை. போட்டுவிட்டு எல்லோரையும் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினாள்.

நான் திகைத்துப்போய் அவள் காதில், "ஒனக்கு என்னா வந்துச்சு?" என்றேன்.

"ஒருத்தரு போட்டா பைத்தியம்னு நெனப்பாங்க," என்றாள். "ரெண்டு பேரு போட்டா பழக்கம்னு நெனப்பாங்க. சும்மா இருங்க."

மூன்றாவதாக அந்தக் குழந்தை போட்டது. நான்காவதாக யாரும் போடவில்லை. அதற்குள் யாரோ நல்ல மனிதர் எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்து அவசரப் பொத்தானை அழுத்திப் பேசிவிட்டார்.

அடுத்த ஸ்டேஷனில் கதவு திறந்தபோது, சீருடை போட்ட இளம் பெண் ஒருத்தி எங்களுக்காகவே காத்துக்கொண்டிருந்தாள். கையில் தண்ணீர்ப் போத்தல். எங்களை மேடைக்கு இறக்கி, குனிந்து, இங்கிலீஷில் அன்பாக ஏதோ கேட்டாள். உடம்புக்கு என்ன என்றுதான் கேட்டிருப்பாள். நான் பதற்றத்தில் கைக்கு வந்த முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தேன்.

"இன்டர்சேஞ்ச்," என்றேன்.

அவள் மறுபடியும் மெதுவாகக் கேட்டாள்.

"பிளாட்ஃபார்ம் பீ," என்றேன்.

மூன்றாவது முறை நெஞ்சில் கை வைத்துக் காட்டிக் கேட்டாள். எனக்கு ஒரு முழு வசனமே வந்துவிட்டது. மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கவும் என்பதை ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் இங்கிலீஷில் சொன்னேன். அந்தப் பிள்ளை குனிந்து தன் காலைப் பார்த்தாள். உண்மையாகவே மஞ்சள் கோட்டின் மேல்தான் நின்றாள். ஒரு அடி பின்னால் போய் நின்றுகொண்டு, "அங்கிள், தமிழ்லயே சொல்லுங்க," என்றாள்.

தமிழில் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. "ஒண்ணுமில்லம்மா. வழியில சுரங்கம் வந்துச்சு" என்பது வரைக்கும் சொன்னேன். சுரங்கம் வந்தால் என்ன என்று கேட்டாள். "கூ போடணும்," என்றேன். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு திரும்பி, முகத்தை நேராக்கிக்கொண்டு, எதற்கும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள், வீட்டு ஆட்கள் யாருக்காவது சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், சரசு பர்சைத் திறந்து அந்தத் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டாள். நான் கண்ணைக் காட்டினேன். அவள் கவனிக்கவில்லை. (கவனித்தேன், நேரமாகிவிட்டதே என்றுதான் கொடுத்தேன் என்று பிற்பாடு சொன்னாள்.)

யார் வந்து கூட்டிப் போகக் கூடாது என்று மூன்று மாதம் ஆட்டுக்கு முன்னால் அட்டை தொட்டேனோ, அவரே இருபது நிமிடத்தில் வந்து நின்றார். கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, மூக்குக் கண்ணாடி, தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கிற பெரிய கங்காணி வருவதுபோல நடை. அந்தப் பெண்ணிடம் இரண்டு நிமிடம் தனியாகப் பேசினார். என் பக்கம் திரும்பினார்.

"நானே வந்து கூட்டிட்டுப் போறேன்னு அப்பவே சொன்னேனே," என்றார்.

நிலம் பிளந்து அப்படியே உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. ஆனால் ஏற்கெனவே நிலத்துக்கு உள்ளேதான் நின்றுகொண்டிருந்தேன். அதற்கு மேல் போக இடமில்லை.

மிச்சத் தூரம் மூவரும் சேர்ந்து போனோம். இன்டர்சேஞ்சில் அவர் முன்னால் நடந்தார், நாங்கள் பின்னால். ரயிலில் சரசு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே எங்கள் கலியாணத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவள் ஊர் நோர்வூட் பக்கம். தாலி கட்டி முடிந்ததும் பஸ்ஸில் ஹட்டனுக்கு வந்து, அங்கிருந்து கோச்சியில் கொட்டகலைக்கு வந்தோம். அன்றைக்கு விடிந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தாய் வீட்டை விட்டு வந்த அழுகை. குனிந்த தலை நிமிரவில்லை. நானும் என்ன பேசுவதென்று தெரியாமல் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். கோச்சி சுரங்கத்துக்குள் நுழைந்தது. எல்லோரும் கூ போட்டார்கள். நான் மாப்பிள்ளை முறுக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இருட்டுக்குள் எனக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கூ. அவள் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

"அதுக்குப் பொறகுதாங்க இவரு பயம் தெளிஞ்சு எங்கிட்ட பேசினாரு," என்று முடித்தாள் சரசு.

அருணின் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவ்வளவுதான். அந்தத் துடைப்பை நான், காரியம் முடிந்தது, தர்ஷிக்கு இந்த இடம் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் என்னை நல்ல நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அருண் வந்து மரியாதையாகப் பேசினான். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தர்ஷி வேலை உடுப்போடு வந்து சேர்ந்தாள். வரும் வழியிலேயே போனில் கதை அவளுக்குப் போயிருந்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவளைக் குசினிக்குள் கூப்பிட்டேன்.

"மகள், அப்பா ஒன் காரியத்த கெடுத்துட்டேன்," என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் கையிலிருந்த கோப்பையை வாங்கி வைத்தாள்.

"அப்பா, நீங்க கூ போட்டீங்களே, அந்த எடம் எனக்குத் தெரியும். பாலத்துல இருந்து கீழ எறங்குற எடம். இங்க வந்த மொத நாளு வேலைக்குப் போகயில, அங்கதான் எனக்கும் வாய் தொறந்திருச்சு. சத்தம் வாறதுக்குள்ள கையால பொத்திக்கிட்டேன். பொத்துன கையோட ஆஸ்பத்திரி வரைக்கும் அழுதுகிட்டே போனேன். அஞ்சு வருசமா அந்த எடம் வந்தா இன்னும் கை தானா வாய்க்குப் போயிரும்."

நான் என் கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"ஒங்களுக்கு லிஸ்ட் எழுதயில அதையும் எழுதணும்னுதான் நெனச்சேன்," என்றாள். "இங்கிலீஷ்ல அதுக்கு என்னா சொல்லுன்னு தெரியல."

நாங்கள் இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், குசினி வாசலில் அருணின் அம்மா நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. சோறு ஆறுகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பாட்டில் ரசத்துக்கு வந்தபோது அவர் என்னை நேராகப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தச் சுரங்கம் எவ்வளவு நீளம்?"

எனக்கு அளவு தெரியவில்லை. "ஒரு கூ முழுசா போட்டு, மூச்சு வாங்கி, இன்னொண்ணு பாதி போடலாங்க," என்றேன்.

அவர் தலையாட்டினார். "கலியாணத்த உங்க ஊர்லயே வச்சுக்கலாம்," என்றார். "நான் அந்த டிரெயின்ல வரணும்."

சொன்னபடியே வந்தார். ஹட்டனில் பஸ்ஸைவிட்டு இறங்கிக் கோச்சி ஏறினோம். நான் அவருக்கு ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்தேன். (மேடையில் கோச்சி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிக்கிற வித்தை எனக்குத் தெரியும். அதற்கு இங்கிலீஷ் தேவையில்லை.) சுரங்க வாய் தெரிந்ததும் நான் என் பாட்டுக்கு வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். சம்பந்தியம்மாவுக்கு முன்னால் ஒருதரம் பட்டது போதும் என்று இருந்தது. இருட்டானது. பெட்டியில் முதல் கூ எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜன்னல் சீட்டிலிருந்து. முப்பது வருடம் அலுவலகத்தில் அடக்கி வைத்திருந்த கூ. எங்கள் தொழிற்சாலைச் சங்குகூட அதன் பக்கத்தில் நிற்க முடியாது. வெளிச்சம் வந்தபோது கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றுமே நடக்காததுபோல. அந்தக் கூவுக்கு அவரை ஒருவரும் கூட்டிப் போய்ப் பழக்கவில்லை. தனியாகவே வந்து சேர்ந்துவிட்டார்.

அன்றைக்கு எங்கள் காம்பிராவில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே ஆணியில் தொங்கிய கொப்பியை எடுத்துப் பார்த்தார். முப்பத்திரண்டையும் படித்தார். என் கையெழுத்துக்குக் கீழே, தன்னுடைய குண்டு எழுத்தில், 33 என்று போட்டு 'கூ' என்று எழுதினார். பொருள் எழுதும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டார். நீங்கள் எல்லோரும் பார்த்துச் சிரிக்கிற சொல் அதுதான், பிள்ளைகளே. பொருள் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

இப்போது சம்பந்தியம்மா போன் எடுத்தால் ஹலோ சொல்வதில்லை. தர்ஷிக்கு ஒரு மகள் இருக்கிறாள், மூன்று வயது. அவளை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போகும்போது, பாலத்திலிருந்து இறங்குகிற அந்த இடத்தில் தர்ஷியின் கை இப்போதும் எழும்புகிறதாம். ஆனால் தன் வாய்க்குப் போவதில்லை, மகளின் வாய்க்குப் போகிறது. போய்ச் சேர்வதற்குள் அவள் போட்டுவிடுகிறாள். மருமகன் அருண்தான் பாவம், எழுந்து நின்று பெட்டியில் உள்ள எல்லோரிடமும் 'சாரி, சாரி' என்கிறாராம்.

நல்ல பிள்ளை. அந்தச் சொல் எனக்கு அன்றைக்குத் தெரியாமல் போனது.